கோலியனூருக்கு வந்த அர்ஜென்டினாக் கொலை

"என் வூட்டுக்காரர எப்பிடிக் கொன்னாங்கன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

திண்டிவனத்தில் அப்போது நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். காலை பேட்ச் போய்விட்டது, சாயங்கால பேட்ச் வர நேரமிருந்தது. மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டுவிட்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். ரிப்பன் மை வாசனையோடு பக்கத்துக் கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கும் வாசனையும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் ஒரு மாத நாவலைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். வியர்வையில் அட்டையின் சிவப்புச் சாயம் அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பயம் அதைவிடச் சட்டென்று வரும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்ததில், "யாரும்மா நீ? என்ன பேசற?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. புத்தகத்தைப் பிரித்து, கடைசிப் பக்கங்களில் இருந்த சிறுகதையைக் காட்டினாள்.

"அச்சாபீஸ்ல கேட்டேங்க. இத எழுதினது ஆம்பள இல்ல, திண்டிவனத்துல டைப்பு சொல்லிக்குடுக்கற டீச்சர்னு சொன்னாங்க. நீங்கதான?"

நான்தான். கதை மட்டும் என்னுடையதில்லை. அது அர்ஜென்டினாவில் நடந்த கதை.

பழைய புத்தகக் கட்டில் ஒரு தேசம்

விழுப்புரம் தனி மாவட்டத்துக்குத் தலைநகரான புதிது அது. ஊரெல்லாம் புதுப் புது ஆபீஸ் போர்டுகள். ஜங்ஷனுக்கு வெளியே ஒருவர் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பார். வழிகாட்டி நூல்களுக்கும் ஜாதகப் புத்தகங்களுக்கும் நடுவில் ஒருநாள் அட்டை போன ஓர் ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. அர்ஜென்டினாவின் துப்பறியும் சிறுகதைகள்.

எனக்கு அந்த நாட்டைப் பற்றி அதுவரை தெரிந்ததெல்லாம் கால்பந்து மட்டும்தான். ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் முதல் கதையைப் படித்தேன். ரயில் வந்து போனது. அடுத்த ரயிலும் போனது.

லண்டன் பனிமூட்டத்தில் குழாய் புகைத்துக்கொண்டு வரும் துப்பறிவாளர்களையே படித்துப் பழகியவள் நான். இந்தக் கதைகளில் துப்புத் துலக்கியவர்கள் வேறு ஜாதி. ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், இன்னொருவர் செய்தித்தாள் ஆபீசில் பிழை திருத்துபவர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

ஏனென்றால் அந்த ஊரில் போலீசிடம் போக யாருக்கும் தைரியம் கிடையாது. மற்ற நாட்டுக் கதைகளில் போலீஸ் வந்தால் நமக்கு நிம்மதி. இந்தக் கதைகளில் ஜீப் சத்தம் கேட்டால் நல்லவன்தான் முதலில் கதவைச் சாத்துவான். குற்றவாளி தப்பிப்பான், இல்லாவிட்டால் துப்பறிந்தவனே மாட்டிக்கொள்வான்.

எழுதியவர்களைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. பாதிப் பேர் பத்திரிகை ஆபீசில் வேலை செய்தவர்கள். பலர் பகலில் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் சொந்தக் கதையைப் புனைபெயரில் எழுதினார்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்துகொண்டு ஒரே ஆள் மாதிரி எழுதுவதும் உண்டாம். பிறகு வந்த ராணுவ ஆட்சியில் எழுதுகிறவர்களே காணாமல் போன காலமும் இருந்தது என்று முன்னுரை சொன்னது. அதைப் படித்தபோது, புதிர்க் கதை எழுதிய கைகளுக்கு இப்படியொரு நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதற்கு ஒரு சுயநலமும் உண்டு. நானும் மொழிபெயர்ப்பவள். நானும் ஆண் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எழுதுபவள்.

எங்க ஊர்ல கொலை வேணாம்

விழுப்புரத்தில் தணிகாசலம் என்பவர் அச்சகம் வைத்திருந்தார். மாதம் ஒரு நாவல் போடுவார். நாவல் முடிந்த பிறகு மிஞ்சும் பக்கங்களில் ஒரு துப்பறியும் சிறுகதை. அதுதான் என் பங்கு.

வெளிநாட்டுக் கதையை அப்படியே போட்டால் அவருக்குப் பிடிக்காது. "அந்தப் பேரெல்லாம் வாயில நொழையலம்மா. நம்ம ஆளா மாத்திடு" என்பார். அந்தக் காலத்தில் மாத நாவல் தொழிலில் எல்லாரும் செய்ததுதான். தழுவல் என்று பெயர். என் கையில் அர்ஜென்டினாக்காரர்கள் வேட்டி கட்டினார்கள், புல்வெளிகள் கரும்புத் தோட்டமாயின. மாட்டிறைச்சி சுட்டுத் தின்றவர்கள் கேப்பைக்கூழ் குடித்தார்கள்.

தணிகாசலத்துக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அவருக்குச் சொந்த ஊர் வளவனூர். நான் எந்தக் கதையிலாவது வளவனூர் என்று எழுதிவிட்டால், முகம் கறுத்துப்போய்ப் பேனாவை எடுத்துவிடுவார்.

"எங்க ஊர்ல கொலை வேணாம்மா. எங்க ஆத்தா இருக்குது, மாமன் மச்சானெல்லாம் இருக்காங்க. கோலியனூர்ல வெச்சிக்கோ."

இப்படியே வருஷக்கணக்கில் அர்ஜென்டினாவின் கொலைகளெல்லாம் கோலியனூரில் நடந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கோலியனூரில் மாத நாவல் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அந்தப் பெண், அஞ்சலை, கொண்டுவந்த கதை அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. எழுதியது ஒரு பெண். புனைபெயராம், நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது என்று குறிப்பில் இருந்தது.

மூலக் கதையில் அண்ணன், தம்பி இருவர் ஒரு பண்ணையைச் சேர்ந்து நடத்துகிறார்கள். அந்தச் சமவெளியில் தண்ணீர் இறைக்கக் காற்றாடி வைத்த உயரமான இரும்புக் கோபுரம் இருக்கும். எண்ணெய் போட ஏறிய தம்பி, ஏணிக்கம்பி பெயர்ந்து விழுந்து சாகிறான். தம்பி மனைவி வெறுமனே அலறுகிறாள். வயலின் மறு கோடியிலிருந்து ஓடிவரும் அண்ணன் கையில் ஒரு கம்பளிப் போர்வை இருக்கிறது. பிணத்தை மூடப் போர்வை. செத்துப்போனான் என்று யாரும் சொல்லாதபோது போர்வை எதற்கு? துப்பு அவ்வளவுதான்.

நான் கோபுரத்தைக் கிணறாக்கினேன். நம் பக்கத்தில் தண்ணீர் கீழே போய்விட்டதால் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறவில்லை என்றால் சுவரில் பதித்த கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆள் உள்ளே இறங்க வேண்டும். இந்த வெயிலில் கம்பளிப் போர்வையோடு ஓடிவந்தால் வாசகர்கள் சிரிப்பார்கள் என்று போர்வையைக் கயிறாக்கினேன்.

அந்தக் கயிறு அர்ஜென்டினாவில் கிடையாது. நானாகப் போட்டது.

கயிறு

"எங்க வூட்டுக்காரரு மோட்டாரு தண்ணி இழுக்கலன்னு எறங்கினாருங்க" என்றாள் அஞ்சலை. "கம்பி பேந்து வந்துடிச்சி. துரு புடிச்சிருந்திச்சின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இத படிக்கிற வரைக்கும்."

அவள் கணவன் பெயர் ஏழுமலை. அவனும் அவன் அண்ணனும் பாகம் பிரிக்காத நிலத்தில் கரும்பு போட்டிருந்தார்கள். கணவனின் அண்ணனை அவள் முறைப்படி மூத்தார் என்றே சொன்னாள். பெயர் சொல்லவில்லை.

"நான் ‘ஐயோ, ஓடியாங்க’ன்னுதாங்க கத்தினேன். கெணத்துல வுழுந்துட்டாருன்னு சொல்லல. எங்க மூத்தாரு தோட்டத்துலேர்ந்து ஓடியாந்தாரு. கையில கயிறு. யாருங்க அவருக்குச் சொன்னது?"

மாட்டுக்கு எடுத்து வந்த கயிறாக இருக்கலாம், விவசாயி கையில் கயிறு இருப்பது அதிசயமா என்று ஏதேதோ சொன்னேன். இது வெளிநாட்டுக் கதை, அர்ஜென்டினா என்று கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசம் என்று தொகுப்பை எடுத்துக் காட்டினேன். அவள் ஆங்கில எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கயும் இப்பிடித்தான் பண்றாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

"நேத்து மூத்தாருகிட்டயே கேட்டுட்டேங்க. புக்கையும் காட்டினேன். ‘கயிறு எதுக்கு எத்தாந்தீங்க?’ன்னு. அவரு கோவப்படல. படிச்சிட்டு, ‘நாளான்னிக்கி காலைல கெணத்தாண்ட வா, எப்பிடி வுழுந்தான்னு காட்டறேன்’னாரு."

பாரம் முடிந்தது

இங்கே அச்சுத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். பாரம் நிரம்பிய பிறகு கதை மிஞ்சினால், அந்த மிச்சத்துக்காக இன்னொரு பெரிய தாளை யாரும் ஓட்டமாட்டார்கள். தணிகாசலம் கதையின் வாலை வெட்டிவிட்டு ‘முற்றும்’ போட்டுவிடுவார்.

இந்தக் கதையிலும் அப்படித்தான். நான் கேட்டதற்கு, "பாரம் முடிஞ்சி போச்சும்மா. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடிச்சில்ல? அதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார்.

அதற்கு மேல்தான் கதையே இருந்தது. மூலத்தில், தம்பி மனைவி போய் அண்ணனிடமே நேராகக் கேட்டுவிடுகிறாள், போர்வை எதற்கு என்று. அவன் கோபப்படுவதில்லை. நாளைக் காலையில் கோபுரத்துக்கு வா, எப்படி விழுந்தான் என்று காட்டுகிறேன் என்கிறான். மறுநாள் இரண்டு பேரும் புல்வெளியில் நடந்து போகிறார்கள். அவன் கை மேல் போர்வை மடித்துக் கிடக்கிறது. கதை அங்கே முடிகிறது.

அச்சில் வராத அந்தப் பக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். அஞ்சலைக்குத் தெரியாது. அவள் மூத்தாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

உலகத்தின் மறு கோடியில் பெயர் தெரியாத ஒருத்தி எழுதிய வாக்கியத்தைக் கோலியனூர்க்காரர் ஒருவர் எப்படிப் பேசினார்? யோசித்துப் பார்த்தால் அதில் மாயம் ஒன்றுமில்லை. பயந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட நினைக்கும் ஆண் எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வான்.

"போகாத" என்றேன். "இங்கயே இரு. போலீசுக்குப் போகலாம்."

"போயி? எரிச்சாச்சு, சாம்பலும் கரைச்சாச்சு. கயிறு எத்தாந்தாருன்னு கம்ப்ளெய்ண்டு குடுக்கவா? என் கொயந்த அங்க இருக்குதுங்க. செல்விக்கு நாலு வயசு. அம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அவள ஓரகத்தி வெச்சிக்கினு அனுப்பல."

குழந்தையை வைத்துக்கொண்டு அனுப்பவில்லை என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிணைக்கு வைத்துக்கொண்டது மாதிரி கேட்டது.

முதல் பஸ்ஸில் நான் வருகிறேன், அதுவரை கிணற்றுப் பக்கம் போகாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அவள் படி இறங்கிப் போனதும், போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. கயிறு வெறும் கயிறாக இருந்தால், ஒரு நல்ல மனிதனைக் கொலைகாரனாக்கியவள் நான். இல்லையென்றால், ஒருத்தியைச் சாகத் திருப்பி அனுப்பியவள்.

கிணற்றடியில்

மறுநாள் பஸ் மயிலம் தாண்டி நின்றுவிட்டது. டயர். வேறு பஸ் பிடித்து, விழுப்புரத்தில் டவுன் பஸ் மாறி, கோலியனூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

வீட்டு வாசலில் ஓர் அம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அஞ்சலையின் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் மனைவி. குழந்தைக்கு வெல்லம் கலந்து பிசைந்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். நல்ல முகம். அதில் ஒரு கள்ளமும் இல்லை.

"அஞ்சலயா? இப்பத்தாங்க ரெண்டு பேரும் கெணத்தாண்ட போனாங்க."

நான் ஓடினேன். நாற்பதை நெருங்கும் வயதில், புடவையோடு, கரும்புக்கு நடுவில் வரப்பில். தோகை முகத்தைக் கீறியது.

கிணற்று மேட்டில் இருவரும் நின்றிருந்தார்கள். அவர் விளிம்பில் குனிந்து உள்ளே கை காட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலை ஓரடி பின்னால். "எட்டிப் பாரும்மா, அந்தக் கம்பிதான்" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது.

"அஞ்சல!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். வெள்ளை பனியன், தோளில் துண்டு. கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே எனக்குப் பயமாக இருந்தது.

"யாருங்க?"

"நான்தாங்க அந்தக் கதை எழுதினவ."

அவர் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, "வாங்க டீச்சரம்மா" என்றார். அஞ்சலை என்னைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. டீச்சர் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அச்சகத்துக்கு இவரும் போய் விசாரித்திருக்கிறார்.

"படிச்சேங்க. நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா டக்குனு முடிஞ்ச மாரி இருக்குதே. மீதி எதனா இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றியது. மீதிக் கதை அச்சகத்தில் இருக்கிறது, அடுத்த மாதம் வரும், ஊரே படிக்கும்.

"இருக்குதுங்க. அடுத்த மாசம் வருது. அத எழுதத்தான் கெணத்தப் பாக்க வந்தேன். தணிகாசலம் சாருக்கும் தெரியும், நான் இங்கதான் வந்திருக்கேன்னு."

அவர் கிணற்றைப் பார்த்தார், பிறகு வரப்பைப் பார்த்தார். என் பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார் என்று நினைத்தேன்.

"மீதியில இன்னாங்க வருது?"

எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் எத்தனையோ கதைகளைத் தழுவியிருக்கிறேன். அன்றைக்குச் செய்த தழுவல் மாதிரி எதையும் செய்ததில்லை. வார்த்தை வார்த்தையாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கறதில்லைங்க. கொழந்தையத் தூக்கிக்கிட்டு அம்மா ஊருக்குப் போயிடறா. அந்த அண்ணன் தடுக்கறதில்ல."

"ஏன் தடுக்கல?"

"அவ போயிட்டா அவர்மேல யாருக்கும் சந்தேகம் வராதுங்க. அவளும் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கறதில்ல. அவளுக்கு எதனா ஆச்சுன்னாத்தான் ஜனங்க கதையத் திரும்ப எடுத்துப் படிப்பாங்க."

மோட்டார் மேடையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கீழிருந்து கேட்டது. அவர் துண்டைத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார்.

"நெலம்?" என்றார்.

"என்னங்க?"

"கதையிலதாங்க. அந்தத் தம்பி பாகம் இருக்குமே. அது இன்னாச்சு?"

அது நான் சொல்லக்கூடிய பதில் இல்லை. அஞ்சலையைப் பார்த்தேன். அவள் இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துடறா" என்றாள் அஞ்சலை. "ஒண்ணும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, கொயந்தயோட போயிடறா."

முதல்தடவையாக அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல முடிவுதாங்க. அப்பிடியே எழுதிடுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் குழந்தையை அவரே தூக்கி வந்து பஸ் ஏற்றிவிட்டார். கடையில் பிஸ்கட் பொட்டலம் வாங்கி அதன் கையில் கொடுத்தார். ஓரகத்தி அழுதுகொண்டே, "திடுதிப்புனு ஏண்டி போற? எப்பத் திரும்புவ?" என்று கேட்டாள். அஞ்சலை பதில் சொல்லவில்லை. விழுப்புரம் வரும்வரை அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஜங்ஷனைப் பார்த்ததும் வாந்தி எடுத்தாள்.

பிறகு

தணிகாசலத்திடம் மீதிக் கதையைக் கொடுத்தபோது தலையில் அடித்துக்கொண்டார். "முற்றும்னு போட்டப்புறம் மீதியா? பேஜாரு புடிச்ச வேலையா இருக்குதே!" ஆனாலும் ‘வாசகர்களின் வேண்டுகோளுக்கிணங்க’ என்று ஒரு வரி சேர்த்துப் போட்டுவிட்டார். நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அதன்பின் அந்தத் தொகுப்பிலிருந்து எதையும் மொழிபெயர்க்கவும் இல்லை.

கொலைகாரனைத் தப்ப விட்டது அநியாயம் என்று வாசகர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்றிருந்தேன்.

அஞ்சலை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அம்மா ஊரில் தங்கினாள். என் இன்ஸ்டிட்யூட்டில் டைப் கற்றுக்கொண்டு, ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டாள். சொன்னபடி வாயைத் திறக்கவும் இல்லை, அம்மாவிடம்கூட. புது ஆள் யாராவது அறைக்குள் நுழைந்தால் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொள்வாள். அது மட்டும் மாறவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. அவள் மூத்தார் நிஜமாகவே கொன்றாரா? நிலத்துக்கு ஆசைப்பட்டது மட்டும்தான் அவர் குற்றமோ? கதை படிப்பதில் ஆர்வமுள்ள மனிதர் முடிவு என்ன என்று கேட்டதையே பயத்தில் நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேனோ? அந்த அர்ஜென்டினாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தானே. துப்பெல்லாம் சரியாகப் பொருந்தும். பொருந்துவதாலேயே அது உண்மையாகிவிடாது.

அஞ்சலையிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கும் தெரியலைங்க" என்றாள். "தெரிஞ்சா பயம் போயிடும்னு நெனக்கிறேன். தெரியாததாலதான் போவல."

மணமேடை

செல்விக்குக் கல்யாணம் ஆனது இந்த நூற்றாண்டு பிறந்து நன்றாக வளர்ந்த பிறகு. விழுப்புரத்தில் ஒரு மண்டபம். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது அவர்கள் பக்கத்து முறை. யாரும் அதைப் பேசி முடிவு செய்வதுகூட இல்லை. பங்காளிகள் அஞ்சலையின் மூத்தாருக்குப் பத்திரிகை வைத்துவிட்டார்கள். அவர் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என் கை மேலே எழவில்லை.

முகூர்த்த நேரம். ஐயர், "பொண்ணோட அப்பா ஸ்தானத்துல யாரு?" என்று கேட்டார். அவரும் ஓரகத்தியும் மேடை ஏறினார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணைக்கட்டையில் உட்காரக் குனிந்தார். செல்வி சிரித்தபடி இடம் விட்டு நகர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தூணோரமாக நின்றிருந்த அஞ்சலை மேடை ஏறுவதைப் பார்த்தேன். தாலி இழந்தவள் அந்த நேரத்தில் மேடை ஏறக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"நீங்க ஒக்காரக் கூடாது" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. "எறங்குங்க. என் பொண்ண நானே தாரை வாத்துக் குடுத்துக்கறேன்."

நாதஸ்வரம் நின்றது. கிணற்றடியில் கொடுத்த சொல்லை மீறிவிட்டாள். இனி அவர் என்ன செய்வார்?

ஓரகத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். பாவம், அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஏண்டி? நாங்க இன்னாடி பண்ணோம்? இத்தினி ஜனத்துக்கு முன்னாடி இப்பிடி அசிங்கப்படுத்தறியே. இன்னாத்துக்குன்னு சொல்லு!"

அஞ்சலை பதில் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் நிமிர்ந்தார். இடுப்பில் கட்டிய துண்டை மெதுவாக அவிழ்த்தார். சபையில் இப்படி அவமானப்பட்ட எந்த மனிதனும் ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று ஒரு வார்த்தையாவது கேட்பான். நான் காத்திருந்தேன். மண்டபமே காத்திருந்தது. "வா" என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, படியைப் பார்த்து நடந்தார்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அஞ்சலை மணையில் உட்கார்ந்தாள். பல வருஷங்களில் முதல்முறையாக, பின்னால் சுவர் இல்லாத இடத்தில், நேராக உட்கார்ந்தாள். மேளம் திரும்ப ஆரம்பித்தது.

ஓரகத்தி படியின் நடுவிலேயே நின்றுவிட்டாள். முன்னால் இறங்கிப் போகும் கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை என்பதை அவளும் கவனித்துவிட்டாள். கீழே போனவர் திரும்பி, அமைதியாக, "வூட்டுக்குப் போலாம் வா" என்று கூப்பிட்டார்.

அவளுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை.